அமெரிக்காவில் ஏற்கெனவே ஓடும் கம்பால் மெஷின் ரூட்டை விலைக்கு வாங்கலாமா? எப்படிக் கணக்குப் பார்ப்பது?

டாலஸ் பக்கத்தில் ஒருவர் 40 மெஷின் கொண்ட தன் ரூட்டை 12,000 டாலருக்குத் தருவதாகவும், மாதம் 1,000 டாலர் வசூலாவதாகவும் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். அந்த 1,000 டாலரையும் நீங்களே சரிபார்க்காமல் வேண்டாம். நானும் மனைவியும் இதே மாதிரி ஒரு சின்ன ரூட்டை நடத்துகிறோம், அதை வைத்துச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 25 சென்ட் காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஒரு பபுள்கம் உருண்டையோ (அதுதான் கம்பால்) கொஞ்சம் மிட்டாயோ விழும் மெஷின் இது. மின்சாரம் தேவையில்லை. பீட்சாக் கடை, சலூன், மெக்கானிக் ஷெட், லாண்டரி இங்கெல்லாம் வாசல் ஓரமாக நிற்கும். இப்படிப் பல கடைகளில் மெஷின் வைத்து, வரிசையாகப் போய்ச் சரக்கு நிரப்பிக் காசை எடுத்து வருவதுதான் ரூட்.

விற்பவர் மெஷின்களைக் காட்டித்தான் பேசுவார். இரும்பில் செய்த நல்ல மெஷின், பூட்டு புதுசு என்பார். பழைய மெஷின் என்ன விலைக்குப் போகிறது என்று ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு மேல் அவர் கேட்கும் ஒவ்வொரு டாலரும் இடத்துக்குத்தான், சென்னையில் நல்ல இடத்துக் கடைக்குப் பகடிப் பணம் கொடுப்பது போல. அந்த இடமோ பெரும்பாலும் கடைக்காரரின் வாய்ச்சொல்லில் நிற்பது. நாளைக்கே அவர் "எடுத்துக்கொண்டு போங்கள்" என்றால் எடுக்க வேண்டியதுதான். அதனால் மொத்த ரூட்டுக்கு ஒரு கணக்கு போடாமல், இடம் இடமாகப் போடுங்கள். 40 மெஷினுக்கு 1,000 என்றால் சராசரி 25 டாலர். பெரும்பாலும் ஒரு பத்து மெஷின் பாதி வசூலைத் தந்துகொண்டிருக்கும், மற்றவற்றில் பல பெட்ரோல் காசுக்குக்கூடத் தேறாது. அந்தப் பத்து எவை, அவற்றில் எத்தனை உங்களிடம் தங்கும் என்பதில்தான் விலை இருக்கிறது.

சரி, வசூலை எப்படிச் சரிபார்ப்பது? இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. ஒரு காசு உள்ளே போனால் ஒரு உருண்டை வெளியே வந்திருக்க வேண்டும். 1,000 டாலர் என்றால் 4,000 காசு. ஒரு அங்குல கம்பால் 850 உருண்டை கொண்ட பெட்டியாக வருகிறது. எல்லாமே கம்பால் மெஷின் என்றால் மாதம் ஐந்து பெட்டிக்குக் கொஞ்சம் குறைவாக, வருடத்துக்கு 56 பெட்டி ஓடியிருக்க வேண்டும். விற்பவரிடம் சரக்கு வாங்கிய பில்களைக் கேளுங்கள். பில்லில் 30 பெட்டிதான் இருக்கிறது என்றால் வசூலும் ஏறக்குறைய பாதிதான். மிட்டாய் மெஷின்களுக்கு, ஒரு திருகலுக்கு எவ்வளவு விழுகிறது என்று நிறுத்துப் பார்த்து, வாங்கிய எடையோடு ஒப்பிடலாம். வருமான வரிக் கணக்கில் சொந்தத் தொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தையும் பாருங்கள். "எல்லாம் கேஷ், வரியில் காட்டவில்லை" என்று சிலர் சொல்வார்கள். வரியில் காட்டாத வசூலுக்கு நான் ஒரு டாலரும் தர மாட்டேன். அரசாங்கத்திடம் மறைத்தவர் உங்களிடம் மட்டும் உண்மை சொல்வார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

அப்புறம், ஒரு சுற்று அவரோடு போய்ப் பாருங்கள். ஆனால் அந்த ஒரு சுற்றை மட்டும் நம்பாதீர்கள். மூன்று மாதம் காசு எடுக்காமல் விட்டு, திறந்து காட்டி, "ஒரு மாத வசூல்" என்று சொல்ல முடியும். தன் காசையே உள்ளே போட்டு வைக்கவும் முடியும். முதல் சுற்றில் எல்லா மெஷினையும் காலி செய்து, சரக்கை நிரப்பி, உருண்டைகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, பூட்டின் மேல் கையெழுத்துப் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். முப்பது நாள் கழித்து இருவரும் சேர்ந்தே திறங்கள். எண்ண வேண்டாம், தராசு போதும்: ஒரு கால் டாலர் காசு 5.67 கிராம், 100 டாலர் 2 கிலோ 268 கிராம். காசும் குறைந்த சரக்கும் ஒத்துப்போனால் அந்த இடத்தின் கணக்கு உண்மை. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

இடங்களுக்கு நீங்கள் தனியாகவும் வாடிக்கையாளராகப் போய் உட்காருங்கள். குழந்தைகள் வருகிறார்களா, காத்திருக்கிறார்களா, கையில் சில்லறை இருக்கிறதா என்று கவனியுங்கள். லாண்டரி, அதாவது நாமே மெஷினில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை, நல்ல இடம், ஏனென்றால் அங்கேயே நோட்டைப் போட்டுக் கால் டாலர் காசு வாங்கும் மெஷின் இருக்கும். ஆனால் இப்போது பல லாண்டரிகள் கார்டுக்கு மாறிவிட்டன, மாறிய இடத்தில் காசும் இல்லை, வசூலும் இல்லை. போன வருட வசூலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. டெக்சஸ் வெயிலில் சாக்லேட் மிட்டாய் உருகி ஒட்டிக்கொள்ளும் கடைகளையும் குறித்து வையுங்கள்.

உங்கள் ஆள் சொல்லும் 1,000 டாலரும் உண்மை என்றே வைப்போம். பெட்டி 40 டாலர் என்றால் சரக்குக்கு 188. கடைக்காரருக்கு 20 சதவீதம் கமிஷன் 200. மாதம் 250 மைல் ஓட்டினால், 2025க்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) அனுமதித்த மைலுக்கு 70 சென்ட் கணக்கில் 175. உதிரி பாகம், இன்சூரன்ஸ் 40 என்று வைத்தால், மிச்சம் 397 டாலர். வருடத்துக்கு 4,764. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அதைத் தனியாகக் கேளுங்கள். இதில் உங்கள் உழைப்புக்குக் கூலி இன்னும் சேர்க்கவில்லை. 12,000 கொடுத்தால் முதலைத் திரும்பப் பார்க்கவே இரண்டரை வருடம் ஆகும், அதற்குள் எத்தனை கடை மூடுமோ, எத்தனை கை மாறுமோ! சில மெஷின்களில் ஏதாவது அறக்கட்டளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைக் காட்டிக் கமிஷன் தராமல் இருப்பார்கள். அந்த அறக்கட்டளைக்கு மாதாமாதம் பணம் போன ரசீதைக் கேட்காமல் விடாதீர்கள். ஸ்டிக்கர் மட்டும் இருந்து பணம் போகவில்லை என்றால், நல்ல காரியத்துக்குப் போகிறது என்று நம்பிக் காசு போட்டவர்களை ஏமாற்றுகிற வேலை அது. அந்த ரூட்டை நான் தொட மாட்டேன்.

விசாவும் முக்கியம். எச்1பி வேலை விசாவில் இருப்பவர் தானே சுற்றிச் சுற்றிச் சரக்கு நிரப்புவது அனுமதியில்லாத வேலை. எச்4 விசாவில் இஏடி (வேலை அனுமதி அட்டை) வைத்திருக்கும் துணைவர் தன் பெயரில் செய்யலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மெஷினும் எந்த முகவரியில் நிற்கிறது என்று பட்டியல் வேண்டும், எல்லாச் சாவியும் வர வேண்டும், கடன் எதுவும் பாக்கி இல்லை என்ற உறுதி வேண்டும், அதே கடைகளில் விற்பவர் மறுபடி மெஷின் வைக்கக் கூடாது. விலையில் மெஷின் எவ்வளவு, இடம் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள், வரிக்கு 8594 படிவத்தில் அது தேவைப்படும். ஒவ்வொரு கடைக்காரரிடமும் விற்பவரே உங்களை அழைத்துப் போய் அறிமுகப்படுத்தி, ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கித் தரட்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், சோதனை மாதம் சரியாக வந்த பிறகு 5,000 டாலருக்குள் கேட்பேன். அதில் 3,500 கையெழுத்தன்று, மீதி 90 நாள் கழித்து. அதற்குள் எந்தக் கடையாவது மெஷினை எடுக்கச் சொன்னால் அந்த இடத்தின் பங்கைக் கழித்துக்கொண்டு கொடுப்பேன். அவர் மறுத்தால், நல்ல பத்து இடங்களை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.