மூன்றாம் வகுப்பில் குழு வாசிப்புக்குப் புத்தகம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

எந்த வகுப்பு என்பதை விடுங்கள், பிள்ளை இப்போது எப்படி வாசிக்கிறது என்று பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் கடகடவென்று படிப்பவளுக்கும் ஒரே புத்தகம் கொடுத்தால் அவனுக்கு அழுகை, அவளுக்குக் கொட்டாவி. தமிழக அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கப் புத்தகங்களே நுழை, நட, ஓடு, பற என்று 4 படிகளில் இருக்கின்றன, அதிலிருந்து தொடங்கலாம்.

நான் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். 10 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்குக் கடினம், நானே வாசித்துக் காட்ட எடுத்துவைத்துக்கொள்வேன். அப்புறம் ஐந்தாறு பேரை மட்டும் உட்காரவைத்து, படத்தைக் காட்டிக் கதையை ஊகிக்கச் சொல்லி, அவரவர் மெல்லிய குரலில் வாசிக்கும்போது பக்கத்தில் போய்க் கேட்பேன். வரிசையாக ஆளுக்கொரு வரி வாசிக்கவைப்பது வேண்டாம், தன் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளை கதையைக் கவனிப்பதே இல்லை. நீதிக் கதைகளையும் கொஞ்சம் குறையுங்களேன், சிரிக்கவைக்கும் கதையைத்தான் பிள்ளைகள் திரும்பக் கேட்கிறார்கள்.