இசை ஹராம் (மார்க்கத்தில் தடை) என்று சொல்கிற தாலிபானும் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பும் பாட்டு மட்டும் எப்படி வெளியிடுகிறார்கள்?

ஏதோ வீடியோவைப் பார்த்த எரிச்சலில் கேட்டிருப்பீர்கள். நியாயமான எரிச்சல்தான்.

அவர்கள் கணக்குப்படி தடை இசைக்கருவிக்குத்தான், குரலுக்கு இல்லை. 1996இல் காபூலைப் பிடித்த தாலிபான், பறித்த கேசட்டுகளின் நாடாவை உருவிக் கம்பங்களில் தொங்கவிட்டது. கருவியில்லாமல் குரலில் மட்டும் பாடுகிற 'தரானா' பாட்டுக்கு மட்டும் தடை கிடையாது. ஐஎஸ் இன்னும் மேலே போய், 2013இல் அஜ்னாத் என்று பாட்டுக்கே தனிப் பிரிவு தொடங்கியது.

நான் ஷார்ஜாவில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவன். நபிபுகழ், ரமலான் பாட்டு, தாயைப் பற்றிய பாட்டு என்று நஷீத், அதாவது இஸ்லாமியப் பக்திப் பாட்டு, மிக்ஸ் செய்வதுதான் பிழைப்பு. இசையோடு ஒன்று, குரல் மட்டும் ஒன்று என்று இரண்டாகக் கேட்பார்கள். குரல் மட்டும் என்றால் இசை இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரே பாடகரைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து அடுக்குவோம். வாயை மூடிக்கொண்டு அவர் 'ம்ம்ம்' என்று இழுப்பது கீபோர்டின் இடத்தை நிரப்பிவிடும். மேலே பள்ளிவாசல் குவிமாடத்துக்குள் பாடுகிற மாதிரி எக்கோ. எங்கள் டீ பையனுக்கு அரபி ஒரு வார்த்தை தெரியாது. கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

2013 டிசம்பரில் வந்து ஐஎஸ்ஸின் தேசிய கீதம் போலவே ஆகிவிட்ட பாட்டைச் செய்தியில் கேட்டபோது என் காது போனது மிக்ஸிங் பக்கம்தான். வாள் உருவும் ஓசை, பூட்ஸ் காலடி, துப்பாக்கிச் சத்தம். தாளத்துக்குக் காலடியே போதும், டிரம் எதற்கு? அரபி தெரியாத ஐரோப்பியப் பையன்களுக்கு ஜெர்மன், பிரெஞ்சிலும் பாட்டு வந்தது. ஜெர்மன் ராப் பாடகர் டெனிஸ் குஸ்பெர்ட் சிரியாவுக்கே போய்விட்டார். 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலுக்குப் பொறுப்பேற்ற பதிவில் பேசியது ஐஎஸ்ஸில் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஃபாபியன் கிளெய்ன், பாடியது அவர் தம்பி.

பாட்டைக் கேட்டதும் ஒருவன் குண்டு கட்டிக்கொள்வான் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ளே போனவனை அங்கேயே பிடித்துவைக்க உதவும், அவ்வளவுதான். 'நீயும் அதே வேலைதானே செய்தாய்?' என்று கிளம்புகிறவர்களுக்கு: எங்கள் பாட்டைக் குழந்தைகள் பள்ளி ஆண்டு விழாவில் பாடுகிறார்கள். ஆனாலும் ஊருக்கு வந்தபோது ரயிலில் என் பழைய மிக்ஸ் ஒன்றைப் போட, எதிர் சீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அது தாய்ப்பாசப் பாட்டு ஐயா!

அப்புறம், அந்த ஆல்பங்கள் எதிலும் என் பெயர் இல்லை. பாடகருக்கு மட்டும் ஆளுயரப் போஸ்டர். கடைசிச் சம்பளமும் வரவில்லை, முதலாளியிடம் கேட்டால் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.