அசோகமித்திரனின் சிறுகதைகளை எங்கிருந்து தொடங்கலாம்? அவற்றை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

‘நாலைந்து கதை வாசித்துவிட்டேன், எதிலும் ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று கேட்டிருக்கிறீர்கள். அசோகமித்திரனைப் புதிதாக வாசிக்கும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அவர் குரலை உயர்த்துவதே இல்லை. முக்கியமான சேதியையும் சாதாரணச் சேதியையும் ஒரே தொனியில் சொல்லிப் போவார். வேகமாக வாசித்தால் முக்கியமானது கண்ணில் படாமல் போய்விடும்.

‘எலி’யிலிருந்து தொடங்குங்கள். பொறிக்குள் வைக்க வீட்டில் ஒன்றும் மிச்சமில்லாததால் கணேசன் வெளியே போய் வடை வாங்கி வருகிறான். எலி மாட்டுகிறது. காலையில் அதைத் திறந்துவிட்டதும் காக்கை கொத்துகிறது. மற்றவர்கள் அங்கேயே கதையை முடித்திருப்பார்கள். இவரோ பொறிக்குள் தின்னப்படாமல் முழுசாகக் கிடக்கும் வடையைக் காட்டுகிறார். எலி செத்ததைவிட அதுதான் நம்மை வாட்டுகிறது. ஆகவே, கடைசிப் பத்தியை வாசித்தபின் முதல் பக்கத்துக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். அந்த வடைக்காக அவர் எவ்வளவு தயாரிப்பு செய்திருக்கிறார் என்று தெரியும்.

அடுத்து ‘புலிக்கலைஞன்’. சினிமா ஸ்டூடியோவுக்கு வேலை கேட்டு வரும் டகர் பாயிட் காதர், புலித்தலையை மாட்டியதும் புலியாகவே மாறிவிடுகிறார். கழற்றியதும் பழையபடி கெஞ்சும் ஏழை. இந்தக் கதைக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. 1931இல் செகந்திராபாத்தில் பிறந்த ஜ. தியாகராஜன் (அசோகமித்திரனின் இயற்பெயர் அதுதான்), தகப்பனார் இறந்தபின் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். 1966இல் அதை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த முடிவின் கனம் புரியும். ‘கணையாழி’ இலக்கியப் பத்திரிகையில் பல ஆண்டுகள் ஆசிரியப் பொறுப்பு, 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் முகாம் (‘ஒற்றன்’ நாவல் அதிலிருந்து வந்தது), 1996இல் சாகித்திய அகாதெமி விருது. ‘18வது அட்சக்கோடு’, ‘தண்ணீர்’ போன்ற நாவல்களை எழுதியவருக்கு அந்த விருது ‘அப்பாவின் சிநேகிதர்’ என்ற சிறுகதைத் தொகுப்புக்காகக் கிடைத்தது. அது மிகச் சரி என்பேன்.

மூன்றாவதாக ‘பிரயாணம்’. நோயுற்ற குருவைச் சீடன் இழுத்துப் போகும் கதை. முடிவை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். கடைசி வரியில்தான் அதன் உயிர் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். முழுத்தொகுப்பை வாங்கி வரிசையாகப் படித்தால் ஆறாவது கதைக்குள் எல்லாம் ஒரே மாதிரி தோன்றும். அந்தச் சமன்பட்ட தொனி காதுக்குப் பழகிவிடுவதுதான் காரணம். ‘புலிக்கலைஞன்’ பிடித்துப்போனால் அடுத்து ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்குப் போகலாம். அதே சினிமா உலகம், இன்னும் விரிவாக.