குதிகாலில் விரியும் கரும்புள்ளி: கால் ஆணிதானா?

கேள்வி: நிலாவெளியில் கரைவலை இழுக்கும் என் அப்பாவுக்கு வயது 58. அவரது குதிகாலில் ஒரு கரும்புள்ளி ஒரு வருடமாக விரிந்துகொண்டு வருகிறது. இப்போது நீர் கசிகிறது. கால் ஆணி என்று சொல்லி பிளேடால் சீவுகிறார். வெயிலால் வந்த புற்றுநோயாக இருக்குமா? கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: முதலில் அந்த பிளேடை வாங்கி வையுங்கள். கால் ஆணியின் நடுவில் இறுகிய முளை ஒன்று இருக்கும், அழுத்தினால் வலிக்கும். ஆனால் அது மாதக்கணக்கில் கருமையைப் பரப்பிக்கொண்டு போகாது. விரிதல், கருமை, கசிவு மூன்றும் சேர்ந்திருப்பதால், தோலின் நிறமிச் செல்களில் உண்டாகும் மெலனோமா என்னும் புற்றுநோயா என்று பார்த்தே ஆகவேண்டும்.

மெலனோமா எமது மக்களிடையே அரிது. வெள்ளைத் தோலினருக்குப் பெரும்பாலும் வெயில் படும் இடங்களில் வரும் இந்நோய், எமக்கு வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே அதிகம் தோன்றுகிறது. ஆகவே வெயிலைக் குறைகூற இடமில்லை. பாடகர் பொப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்ததும் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். சிலருக்குக் கருமையே இல்லாமல் இளஞ்சிவப்பாக வருவதால், நீரிழிவுப் புண் என்று நினைத்து வீணே மருந்து கட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

உள்ளங்காலிலும் கைரேகை போன்ற மேடு பள்ளங்கள் உள்ளன. சரும நோய் நிபுணர் உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும்போது, சாதாரண மச்சத்தின் கருமை பெரும்பாலும் பள்ளங்கள் வழியாகவும், மெலனோமாவின் கருமை மேடுகள் வழியாகவும் ஓடுவது தெரியும். எனினும் முடிவைச் சொல்வது திசுப் பரிசோதனையே. அதற்காக வைத்தியர் வெட்டி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. வீட்டில் சீவுவதும் சுடுவதும்தான் அடையாளத்தைக் குலைத்து, கண்டறிவதைத் தாமதப்படுத்துகின்றன.

அறிக்கையில் நோய் எத்தனை மில்லிமீற்றர் ஆழம் இறங்கியுள்ளது என்பதைக் கவனியுங்கள், ஏனெனில் சிகிச்சை பெரும்பாலும் அதைப் பொறுத்தது. 1 மில்லிமீற்றருக்குள் இருந்தால் சுற்றிலும் 1 சென்ரிமீற்றர் நல்ல தோலோடும், 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் 2 சென்ரிமீற்றரோடும் அகற்றுவது வழக்கம். ஆழம் கூடினால் கவட்டிலுள்ள நிணநீர்க் கணுவையும் சோதிப்பார்கள். பரவியிருந்தால் நோயெதிர்ப்புச் சிகிச்சையும், குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு அதற்குரிய மாத்திரைகளும் உள்ளன; பழைய கீமோதெரபியால் இந்நோயில் கிடைக்கும் பலன் குறைவு.

திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் காட்டி, சரும நோய் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். நோய் உறுதியானால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை போன்ற அரச புற்றுநோய்ப் பிரிவுகளில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். புள்ளியின் பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படம் ஒன்றும் கையில் இருக்கட்டும். கரைவலைச் சீசன் முடியட்டும் என்று அப்பா சொல்லக்கூடும். அதற்கு மட்டும் இணங்காதீர்கள், இந்த வாரமே கூட்டிப் போங்கள்.