மெய்நிகர் உலகத்துக்கு யார் வீட்டுப் பணம்?

*ஐரோப்பிய ஒன்றியம் 'மெய்நிகர் உலகங்கள்' என்று அரசு-தனியார் கூட்டு ஆரம்பித்திருக்கிறதாமே, ஆளுக்குப் பாதி போட்டு ஒரே உண்டியலா? (வாசகர், கோவை)*

உண்டியலே கிடையாது. நிறையப் பேர் இடறுவது இங்கேதான்.

ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலை 11 அன்று வெப் 4.0 என்ற அடுத்த தலைமுறை இணையம், மெய்நிகர் உலகங்கள் (கணினி உருவாக்கும் முப்பரிமாண இடங்கள்) பற்றிய கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆராய்ச்சித் திட்டத்தின் 2025–27 வியூக ஆவணம் 2024 மார்ச்சில் வந்தபோது, புதிய கூட்டுகளின் பட்டியலில் இதுவும் ஏறியது. ஆணையமும் கம்பெனிகள், ஆய்வகங்கள் சார்பிலான சங்கமும் சேர்ந்து எதை ஆராய்வது என்று பேசி முடிவுசெய்யும். அரசுப் பணம் சங்கத்துக்குப் போகாது. திட்டங்களை அனுப்பச் சொல்லி ஆணையம் அழைப்பு வெளியிடும், போட்டியில் ஜெயித்த குழுவுக்கு மானியம் கிடைக்கும். சங்கத்தில் இல்லாதவர்களும் போட்டியிடலாம்.

தனியார் பங்கு? பெரும்பாலும் எஞ்சினியர்களின் நேரம், கருவி, ஆய்வக வசதி. 'தனியார் இத்தனை கோடி போடுகிறார்கள்' என்று செய்தி வந்தால், அது கைக்காசா கணக்குக்காசா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*நாங்கள் பத்துப் பேர். தொழிற்சாலைப் பயிற்சிக்கு வி.ஆர். (மெய்நிகர் காட்சி) செய்கிறோம். மானியம் வாங்கினால் கைக்கு எவ்வளவு வரும்? (வாசகி, ஸ்டுட்கார்ட்)*

முதலில் அழைப்பு எந்த வகை என்று பாருங்கள். ஆராய்ச்சி வகை என்றால் செலவில் 100 சதவீதம் வரை. சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தாக்க வகை என்றால் லாப நோக்குள்ள கம்பெனிக்கு 70. நேரடிச் செலவு 1,00,000 யூரோ என்று வையுங்கள். வாடகை, மின்சாரம் போன்றவற்றுக்காக அதன்மேல் 25 சதவீதம் சேர்ப்பார்கள், மொத்தம் 1,25,000. அதில் 70 சதவீதம் 87,500. மீதி 37,500தான் உங்கள் பங்கு. மேலே சொன்ன தனியார் பங்கில் இப்படிப்பட்ட தொகைகளும் சேரும்.

அடுத்தது சம்பளம். ஒருவருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவை 215ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. 64,500 யூரோ என்றால் நாளுக்கு 300. எத்தனை நாள் வேலை செய்தார் என்று மாதாமாதம் தாளில் எழுதி, அவரும் மேலாளரும் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தாளுடன் ஆளைத் தேடி அலைவதும் ஆராய்ச்சியில் சேர்த்தி. (மொத்தத் தொகையாகக் கொடுக்கும் அழைப்புகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒப்புக்கொண்ட வேலைப் பகுதி முடியாவிட்டால் அதற்கான பணமும் இல்லை.)

ஹெட்செட் (வி.ஆர். பார்க்கத் தலையில் மாட்டும் கருவி) வாங்குவதில் நானே சூடுபட்டவன். 3,600 யூரோ கருவி ஒன்றை முழு விலைக்கும் கணக்கில் எழுதிவிட்டேன். தணிக்கையாளர் பேனாவை எடுத்தார். ஆயுள் 36 மாதம், ஆக மாதத்துக்கு 100. திட்டம் 18 மாதம், ஆக 1,800. அதிலும் பாதி நேரம் வேறு வாடிக்கையாளர் வேலைக்கு ஓடியது, ஆக 900. பொதுவாகத் தேய்மானம் மட்டும்தான் செல்லும். மீதி 2,700ஐ எங்கள் தலையில் எழுதிக்கொண்டோம்.

*இந்தியக் கல்லூரிகள் இதில் சேர முடியுமா? (மாணவர், சென்னை)*

சேரலாம். ஆனால் மானியம் தானாக வராது. அழைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும், அல்லது உங்கள் பங்கு இல்லாமல் திட்டமே நடக்காது என்று ஆணையம் ஏற்க வேண்டும். குழுவுக்கு ஒன்றியத்தின் வெவ்வேறு உறுப்பு நாடுகள் அல்லது ஹொரைசனோடு ஒப்பந்தம் போட்டு இணைந்த நாடுகளிலிருந்து குறைந்தது மூன்று அமைப்புகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது உறுப்பு நாட்டினுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் அதற்கு மேல் நான்காவது ஆள்தான். சென்னையிலேயே இருந்துகொண்டு அவ்வளவு தூரம் பார்ப்பதற்கு முன், ஐ.ஐ.டி. மெட்ராஸின் எக்ஸ்டிக் மையத்தில் விசாரியுங்கள். எக்ஸ்.ஆர். (வி.ஆரும் அதைப் போன்ற நுட்பங்களும்), தொடுவுணர்வுக் கருவிகள்தான் அவர்களுடைய வேலையே.

*மத்திய அரசின் ஒரு லட்சம் கோடி ஆராய்ச்சி நிதியில் எங்களைப் போன்ற ஸ்டார்ட்அப்புக்கு மானியம் உண்டா? (வாசகர், மதுரை)*

மானியம் என்று நினைத்து வரிசையில் நிற்காதீர்கள். 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அந்தத் திட்டம் குறைந்த வட்டியில் அல்லது வட்டியில்லாமல் நீண்டகாலக் கடனும், பங்கு முதலீடும் தருவது. திட்டச் செலவில் பாதி வரைதான். நுட்பமும் வெறும் யோசனையாக இருக்கக் கூடாது, ஒன்பது படியுள்ள தயார்நிலை அளவுகோலில் 4ஐ எட்டியிருக்க வேண்டும். அதாவது ஆய்வக மேசைமேல் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். சின்ன ஆட்களுக்குப் பொருந்தியது, மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஸ்டார்ட்அப் ஹப்பும் மெட்டாவும் 2022இல் அறிவித்த எக்ஸ்.ஆர். திட்டம் போன்றதுதான்: 40 கம்பெனிகளுக்குத் தலா 20 லட்சம். அந்த மாதிரி அறிவிப்புகளில் கண் வையுங்கள்.

*சியோல் நகராட்சியின் மெட்டாவெர்ஸ் (மெய்நிகர் நகராட்சி அலுவலகம்) மூடியாயிற்றே. இதெல்லாம் வீண் செலவுதானே?*

2023 ஜனவரியில் திறந்தார்கள், 2024 அக்டோபரில் மூடினார்கள். உண்மைதான். ஆனால் அது ஆராய்ச்சி இல்லை, நகராட்சிச் சேவை. நேரில் போனாலும் இணையத்தில் போனாலும் முடிகிற வேலையைப் பொம்மை உருவம் எடுத்து நடந்துபோய் முடிக்க யாருக்குப் பொறுமை? ஹெட்செட் மாட்டித் தலையைத் திருப்பியதும் படம் சில மில்லிநொடி பிந்தினால் குமட்டுகிறதே, ஆராய்ச்சிப் பணம் போக வேண்டியது அதற்குத்தான். இரண்டையும் ஒரே பையில் போட்டுத் திட்ட வேண்டாம்.

*அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததைக் கம்பெனி அள்ளிக்கொண்டு போனால்? (வாசகர், ஈரோடு)*

போகும். ஹொரைசன் யூரோப்பில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. கூட்டாளிகள் திட்ட வேலைக்குக் காசில்லாமல் பயன்படுத்தலாம், தங்கள் கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அது தேவைப்பட்டால் நியாயமான நிபந்தனையில் கேட்கலாம்.

அமெரிக்கக் கதை இன்னும் சுவாரசியம். 1999இல் ராணுவப் பணத்தில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐ.சி.டி. என்ற நிலையம் வந்தது. போரிலிருந்து மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வி.ஆர். சிகிச்சை அங்கே உருவானது. அங்கிருந்த மார்க் போலாஸின் ஆய்வகத்தில் பால்மர் லக்கி என்ற இளைஞர் வேலை பார்த்தார். 2012இல் அவருடைய ஆக்யுலஸ் என்ற ஹெட்செட் கம்பெனி, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் சுமார் 24 லட்சம் டாலர் திரட்டியது. 2014இல் ஃபேஸ்புக் அதை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

அந்த விலையைச் சொல்பவர்கள் இன்னொன்றை விட்டுவிடுவார்கள். அதே ஆய்வகம் அதே 2012இல் ஒரு அட்டைப் பெட்டியும் செய்தது. அட்டையை மடித்து, இரண்டு லென்ஸ் செருகி, போனை உள்ளே வைத்தால் ஹெட்செட். அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வெளியிட்டுவிட்டார்கள்.