அப்பா டோகோவில் இறந்த கதை

போன இதழில் பேச்சோடு பேச்சாக, பழைய மோசடி மின்னஞ்சல்களை அச்செடுத்து ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, அதையே பேசுவோம்.

குப்பையில் போட வேண்டிய கடிதத்தைச் சேர்த்து வைக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது ஐயா?
– வாசகி, பீடோர்

என் அப்பா இருக்கிறாரம்மா.

2007ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கணினிக் கடையில் மணிக்கு 2 வெள்ளி கொடுத்து மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். டோகோ நாட்டின் லோமே நகரிலிருந்து ஒரு வழக்கறிஞர் எழுதியிருந்தார். அவருடைய கட்சிக்காரர் எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராம். மனைவி, பிள்ளைகளோடு காரில் போகும்போது விபத்தில் எல்லாரும் இறந்துவிட்டார்களாம். வங்கியில் 1 கோடியே 5 லட்சம் டாலர் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. உங்கள் குடும்பப் பெயரும் அவர் குடும்பப் பெயரும் ஒன்றுதான். நீங்கள் உறவினராக முன்வந்தால் போதும் என்று கடிதம் சொன்னது.

நமக்கு ஏதம்மா குடும்பப் பெயர்? மலேசிய அடையாள அட்டையில் என் பெயர், அப்புறம் ‘மகன்’ என்பதைக் குறிக்கும் ஏ/எல், அதன் பிறகு அப்பா பெயர். கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார்கள். ஆக, டோகோவில் இறந்துபோன பொறியாளருக்கு என் அப்பாவின் பெயர். அப்பா விடியாத இருட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவர். ஈப்போவைத் தாண்டி அவர் போனதே இல்லை. காரில் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் ஆஸ்பத்திரிக்கு. அவர் பெயருக்கு முன்னால் ‘இன்ஜினியர்’ என்று திரையில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைப் பையன் ‘என்ன அங்கிள்?’ என்று கேட்டான். 20 காசு கொடுத்து அச்செடுத்துக்கொண்டு வந்தேன்.

பொய் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கடைசி வரை படித்தேன், வீட்டுக்கு வந்து மறுபடியும் படித்தேன். அந்தக் கதையில் எல்லாரும் இறந்துவிட்டார்கள், உயிரோடு மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். எனக்காக ஒரு நாற்காலியைப் போட்டு வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அதைக் கவனித்த நாளிலிருந்துதான் இவற்றைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் 31 வருடம் தோட்டத்து ஆபீசில் கிராணி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊர்க் கடிதங்களைப் படித்துச் சொன்னதும், நீல நிற ஏரோகிராமில் பதில் எழுதியதும் நான்தான். ஊரிலிருந்து வரும் கடிதம் எப்படிப் போகும்? நலம், நலமறிய ஆவல். மழை இல்லை. மாடு செத்துப்போச்சு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். கடைசி மடிப்பில், இடம் இல்லாமல் நெருக்கி, ‘முடிந்தால் ஏதாவது அனுப்பவும்’. பணம் கேட்பதற்குள் அவ்வளவு கூச்சம். இந்த மின்னஞ்சல்களிலும் நலம் விசாரிப்பு, சாவு, சாமி, பணம் என்று அதே வரிசைதான். ஆனால் முதல் கடிதத்தில் இவர்கள் கேட்பதே இல்லை. கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று ஓடி வருகிறார்கள். ‘கட்டணம்’ என்ற சொல் மூன்றாவது, நான்காவது கடிதத்தில்தான் தலைகாட்டும்.

திறமையாகக் கதை சொல்கிறார்கள் என்கிறீர்கள். ஒரு உதாரணம் காட்டுங்களேன்.
– தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோல சிலாங்கூர்

ஐவரி கோஸ்டிலிருந்து வந்த ஒரு விதவையின் கடிதம். புற்றுநோய், ஆஸ்பத்திரிக் கட்டில், பிள்ளை இல்லை, கணவர் விட்டுப்போன பணத்தை அநாதைகளுக்குக் கொடுக்க நல்ல மனிதர் வேண்டும். இதுவரை பழைய கதைதான். நடுவில் ஒரு வரி: ‘நர்ஸ் வெளியே போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.’ அந்த ஒரு வரியில் கதவு தெரிகிறது, கட்டில் தெரிகிறது, படிக்கிற நமக்கும் அவசரம் வந்துவிடுகிறது. அந்த டோகோ கடிதத்தின் தொகையையும் கவனியுங்கள் சார், ரவுண்டாக 1 கோடி என்று எழுதவில்லை. அந்த உபரி 5 லட்சத்தை யாரோ உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள் என்று மனசு நம்பிவிடும்.

மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. கட்டுரைக்கு ‘விவரத்தோடு எழுது’ என்று சொல்லிக் கொடுக்கிற நாம், அதே விவரத்தை வைத்து ஒருவன் எப்படி ஏமாற்றுவான் என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

கணினி வந்த பிறகுதானே இதெல்லாம்? எங்கள் காலத்தில் கிடையாதே!
– ஓய்வுபெற்ற தண்டல், சிம்பாங் ரெங்கம்

இருந்தது அண்ணே, நமக்கும் முந்தியே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சில் விடோக் என்று ஒருவர். முதலில் குற்றவாளி, பிறகு போலீஸ் துப்பறியும் பிரிவுக்கே தலைவர். சிறைக் கைதிகள் பணக்காரர்களுக்கு எழுதிய ‘ஜெருசலேம் கடிதங்கள்’ பற்றி அவர் விவரித்திருக்கிறார். ‘நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன். புரட்சிக்குப் பயந்து ஓடும்போது தங்கமும் வைரமும் நிறைந்த பெட்டியை ஓரிடத்தில் மறைத்துவிட்டோம். எடுக்க வந்த என்னைப் பிடித்துவிட்டார்கள். கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன்.’ 100 கடிதம் போட்டால் 20க்குப் பதில் வந்ததாம். பின்னாளில் அதே கதை ‘ஸ்பானிய கைதி’ என்ற பெயரில் கடல் கடந்து போனது. ஆதரவில்லாத ஒரு மகளையும் கதைக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா 1998இல் இறந்த பிறகு, அவர் மனைவி எழுதுவது போலவே உலகம் முழுக்கக் கடிதங்கள் பறந்தன. ஆக, அந்தப் பெட்டி பூட்டிய வங்கிக் கணக்காக மாறியது. இந்த வகை மோசடிக்கே நைஜீரியச் சட்டப் பிரிவை வைத்து ‘419’ என்று பெயர். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுவதற்கு 420. ‘அவன் ஒரு ஃபோர் டுவென்டி’ என்று பெரட்டில் நீங்களே திட்டியிருப்பீர்கள்.

இவ்வளவு யோசிப்பவர்கள் ஏன் ஆங்கிலத்தைத் தப்பும் தவறுமாக எழுதுகிறார்கள்?
– கல்லூரி மாணவர், சுங்கை பட்டாணி

தம்பி, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மாக் ஹெர்லி 2012இல் இதே போன்ற ஒரு கேள்வியை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார்: நைஜீரியா என்றாலே ஜனங்கள் உஷாராகிறார்கள், பிறகு ஏன் நைஜீரியா என்றே சொல்கிறார்கள்? அவர் சொன்ன விடை இது. லட்சம் பேருக்கு அனுப்பச் செலவில்லை. பதில் போடுகிறவரோடு வாரக்கணக்கில் எழுதிப் பேசுவதுதான் செலவு. பாதியில் சந்தேகப்பட்டு விலகுகிறவர் வந்தால் உழைப்பு வீண். அதனால் கதையை வேண்டுமென்றே நம்ப முடியாததாக வைத்தால், அதையும் நம்புகிறவர் மட்டும் பதில் போடுவார். பிழைகளும் அந்தச் சல்லடையில் ஒரு கண்ணாக இருக்கலாம். அதனால் பிழையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் யாரும் அவர்கள் தேடுகிற ஆள் இல்லை.

சில குப்பை மின்னஞ்சலில் சம்பந்தமே இல்லாத வரிகள் கவிதை மாதிரி வருகின்றனவே?
– வாசகர், தைப்பிங்

சொற்களை எண்ணிப் பார்த்துக் குப்பையைப் பிரிக்கும் முறையை 2002இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்தச் சல்லடைகள் பரவியதும், அவற்றை ஏமாற்றப் பழைய நாவல்களிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்ட ஆரம்பித்தார்கள். மாத்திரை விளம்பரத்துக்குக் கீழே கடற்கரையும் நிலவும் வந்தது அப்படித்தான்.

இப்போது மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள்? போலீஸ் என்று சொல்லிப் போன் அல்லவா வருகிறது?
– வாசகி, குவாலா கெட்டில்

ஆமாம், இங்கே மக்காவ் ஸ்கேம் என்கிறோமே, அதுதான். முதல் ஆள் கூரியர் கம்பெனி. ‘உங்கள் அடையாள அட்டை எண்ணில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது.’ உடனே லைனை ‘போலீசுக்கு’ மாற்றுவான். பின்னால் வாக்கிடாக்கி சத்தம்கூடக் கேட்கும். மின்னஞ்சல் கதையில் நீங்கள் வாரிசு, இதில் நீங்கள் குற்றவாளி. இரண்டிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: ‘யாரிடமும் சொல்லாதீர்கள்.’

லயத்தில் நாம் கதை கேட்டது எப்படி? சாயங்காலம் அஞ்சடியில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்போம். பாட்டி முனி கதை சொல்லும்போது யாராவது ஒருத்தர் ‘அதெப்படி, நேற்று வேற மாதிரி சொன்னியே?’ என்று மடக்குவார். பாட்டி திணறுவார், நாங்கள் சிரிப்போம். அந்த ஒரு ஆளுக்குத்தான் இவர்கள் பயப்படுகிறார்கள். போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய், வந்த கதையை முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் அம்மா. பாதி வழியில் உங்களுக்கே நாக்கு தடுமாறும்.

அம்மா ஒருவனை நம்பி இ.பி.எப். சேமநிதிப் பணத்தை இழந்துவிட்டார். எவ்வளவு திட்டியும் என் ஆத்திரம் அடங்கவில்லை.
– மகள், தாப்பா

திட்டுவதை இன்றே நிறுத்து, மகளே. நான் செய்த தவறை நீ செய்யக் கூடாது.

என் சொந்த அக்காவுக்கு இது நடந்தது. கணவர் போய், பிள்ளைகள் கே.எல். போய், தாமான் வீட்டில் தனியாக இருந்தார். கப்பல் பொறியாளர் என்று ஒருவன். தினமும் காலை 6 மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்பான். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல். அப்புறம் பரிசுப் பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது என்றான். 12,400 வெள்ளி போனது. நான் கத்தினேன், படித்துப் படித்துச் சொன்னேனே என்று. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பல நாள் கழித்து, ‘அவன் கேட்ட மாதிரி நீ ஒரு நாள் கேட்டியா?’ என்றார். நான் அந்தப் பக்கம் போய் எத்தனை மாதமாகியிருந்தது என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

பணம் இப்போதுதான் போனது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே. 997க்கு அழை, அது தேசிய மோசடி எதிர்வினை மையம். வங்கிக்கும் சொல், போலீஸ் புகார் கொடு. கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டால் ஏற்கெனவே புகார் உள்ளதா என்று தெரியும். முக்கியமாக, அடுத்து வரும் ஆளிடம் உஷாராக இரு. ‘நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம்தான்’ என்று ஒருவன் வருவான். ஏமாந்தவர்களைத் தேடித்தான் வருவார்கள், இது அதே கதையின் இரண்டாம் பாகம்.

அக்காவுக்கும் வந்தான், ஏழு மாதம் கழித்து. அவர் பதில் போடவில்லை. பேருந்து ஏறி என் வீட்டுக்கு வந்து, கைப்பேசியை நீட்டி, ‘தம்பி, இதை முதல்ல இருந்து சத்தமாப் படி’ என்றார்.