ஊதாரிக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்?

கேள்வி: சார், ஸ்பெண்ட்த்ரிஃப்ட் என்பதில் 'த்ரிஃப்ட்' இருக்கிறதே, சிக்கனக்காரன் என்றுதானே பொருள் வரவேண்டும்?

பதில்: நேர்மாறு. த்ரிஃப்ட் என்றால் அந்தக் காலத்தில் சேர்த்துவைத்த செல்வம் என்றும் பொருள். அதைச் செலவழித்துத் தீர்ப்பவன் ஸ்பெண்ட்த்ரிஃப்ட். பாக்கெட்டில் கைவைப்பவன் பிக்பாக்கெட் ஆன அதே கணக்குதான்.

கேள்வி: பழைய கட்சிக்கே திரும்பிய தலைவரை 'ப்ராடிகல் சன்' என்று பேப்பரில் போடுகிறார்கள். ப்ராடிகல் என்றால் திரும்பி வந்தவனா?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இளைய மகன் சொத்தில் தன் பங்கை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு தூரதேசம் போகிறான், அத்தனையையும் அழிக்கிறான். பஞ்சம் வருகிறது. பன்றி மேய்க்கிறான், பன்றி தின்னும் தவிடாவது கிடைக்காதா என்று ஏங்குகிறான். அப்புறம்தான் வீடு திரும்புகிறான், அப்பா கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். ப்ராடிகல் என்ற பெயர் சொத்தை அழித்ததற்கு, திரும்பி வந்ததற்கு அல்ல. தமிழில் 'ஊதாரி மைந்தன்' என்று வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் கதை பிரபலமாகி, திரும்பி வருபவன் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. சில அகராதிகளும் அதைச் சேர்த்துவிட்டன. தலைவர் விஷயத்தில் எது பொருந்தும் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

கேள்வி: ப்ராஃப்ளிகேட்டும் அதேதானா?

பதில்: அதைவிடக் கடுமை. பணத்தோடு ஒழுக்கத்தையும் தொலைத்தவன். அரசின் கண்மண் தெரியாத செலவைச் சொல்லும்போது மட்டும் ஒழுக்கப் பேச்சு வராது. டிஸ்ஸொல்யூட், அதாவது ஒழுக்கம் கெட்ட, என்பது வேறு; பைசா செலவில்லாமலும் ஒருவன் டிஸ்ஸொல்யூட்டாக இருக்கலாம்.

கேள்வி: மேலாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்து, 'எக்ஸ்ட்ராவகன்ட் விருந்துக்கு நன்றி' என்று மெயில் அனுப்பிவிட்டேன். தப்பா?

பதில்: அடடா! எக்ஸ்ட்ராவகன்ட் என்றால் அளவு மீறியது. லத்தீன் மூலத்தில் எல்லை தாண்டி அலைவது. அதனால்தான் நம்பமுடியாத வாக்குறுதியைக்கூட, பணமே சம்பந்தப்படாவிட்டாலும், அப்படிச் சொல்கிறார்கள். விருந்து கொடுத்தவரிடம் சொன்னால் 'இவ்வளவு ஆடம்பரம் தேவையா' என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். லாவிஷ் என்று போட்டிருக்கலாம். கொட்டும் மழையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, பெரும்பாலும் பாராட்டு. இலை நிறையப் பரிமாறினால் லாவிஷ், பாதி இலை குப்பைக்குப் போனால் எக்ஸ்ட்ராவகன்ட்.

கேள்வி: ஸ்குவாண்டர்?

பதில்: இது வினைச்சொல். பணம், நேரம், வாய்ப்பு எதையும் வீணடிக்கலாம். 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-3 என்று தோற்ற அணிக்கும் இதே சொல்தான். ஸ்பெண்ட்த்ரிஃப்ட்டை அங்கே போட்டுவிடாதீர்கள்.